வெள்ளைத் தூண் வீட்டில் நீ சொல்லாமல் விட்டது

மகனுக்கு,

'அன்புள்ள' என்று முன்னால் போட்டுப் பார்த்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை, வெட்டிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சந்தோஷமாக இரண்டு விஷயம் சொன்னாய். உன் மனைவி கிளேருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்பது ஒன்று. நானும் அப்பாவும் அமெரிக்காவுக்கு வந்து ஆறு மாதம் உங்களோடு நிற்கவேண்டும் என்பது மற்றது. "பிள்ளைக்கு உங்கடை கையாலை சாப்பாடு, உங்கடை வாயாலை தமிழ், வேறை என்னம்மா வேணும்?" என்று கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். யோசித்தேன். இதுதான் என் பதில். வாயால் சொன்னால் நீ குறுக்கே பாய்வாய், நான் கத்துவேன், பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரிப் போனை வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்புவதோடு நிற்காமல் எங்கள் கோவில் திருநாள் மலருக்கும் கொடுக்கப்போகிறேன். பெயர் போடமாட்டேன். போடாவிட்டாலும் இந்த இத்தாலிப் பலேர்மோவில் இருக்கிற தமிழ்ச்சனத்துக்கு இது ஆர் வீட்டுக் கதை என்று இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும். பிடிபடட்டும்.

அப்பாவுக்கு நான் எழுதுவது பிடிக்கவில்லை. "இஞ்சேரும், விடும். பெடியன் அந்த நேரம் பதகளிச்சுப் போனான். அவ்வளவுதான்" என்கிறார். ஒரு வருடமாக இதே பாட்டு. அவருக்கு மன்னிப்பது மூச்சு விடுகிற மாதிரி, யோசிக்காமலே செய்துவிடுவார். எனக்கு அந்தக் குணம் கிடையாது என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நீயும் ஒரு வருடமாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாரா வாரம் கூப்பிட்டு பலேர்மோவில் மழையா, சியாகுல்லி மன்டரின் தோடம்பழம் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்றெல்லாம் அக்கறையாக விசாரிக்கிறாய். நல்லது. இப்போது நான் திறக்கிறேன். விஷயம் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள், ஆகவே முதலில் இருந்தே சொல்கிறேன். நீயும் கேள், மறந்துபோயிருப்பாய்.

கலியாணத்தை எங்கே வைப்பது என்று கேட்டபோது நீ படம் அனுப்பினாய். மலைமேல் ஒரு பெரிய வீடு, முன்னால் வெள்ளைத் தூண்கள், சுற்றிவரப் புல்தரை. அமெரிக்கா என்ற நாட்டை உண்டாக்கின பெரிய மனிதர்களில் ஒருவருடைய வீடாம். அவருடைய புகையிலைத் தோட்டமும் அதைச் சுற்றித்தானாம். இப்போது பார்வையாளர்கள் வந்து பார்க்கிற இடம், புல்தரையைக் கலியாணங்களுக்கு விடுவார்களாம். "சரித்திரம் உள்ள இடம் அம்மா" என்றாய். பெண் வீட்டாரின் விருப்பம், நமக்கென்ன என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு உடுப்புக்கு உத்தரவு வந்தது. அப்பா கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் வில் மாதிரிக் கட்டுகிற சின்ன டை. வேட்டி கொண்டுவரட்டோ என்று அவர் கேட்டதற்கு "ஐயோ அப்பா, படங்கள் எல்லாம் ஒரு மாதிரி வரவேணும்" என்றாய். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கிற கடையில் போய்த் தைத்தோம். தைத்து முடித்து மாட்டிப் பார்த்தபோது அவர் கண்ணாடிக்கு முன்னால் இருந்து நகரவே இல்லை. "என்ன, மாப்பிள்ளை நீங்களோ?" என்று நான் கேட்க, கடைக்காரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தமிழ் தெரியாமலே.

கலியாணத்தன்று காலையில் எங்கள் இருவரையும் அந்த வீட்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனாய். நரைத்த தலையோடு ஒரு கறுப்பினப் பெண்மணி எல்லாவற்றையும் விளக்கினா. நீ எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். நன்றாகத்தான் சொன்னாய், இல்லை என்று சொல்லமாட்டேன். விடுதலையைப் பற்றிப் பெரிய பெரிய எழுத்தெல்லாம் எழுதியவர், ஆனால் கொல்லைப்புறத்தில் வரிசையாக இருந்த அடிமைக் குடில்களும் அவருடையவைதான் என்றாய். சாப்பாட்டு அறையில் ஒரு கதவைக் காட்டினா. ஒரு பக்கம் வெறும் கதவு, மறுபக்கம் தட்டுத் தட்டாகப் பலகை. அடிமைகள் அந்தப் பலகைகளில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துக் கதவைச் சுழற்றிவிட, சாப்பாடு மேசைப் பக்கம் வந்துவிடுமாம். சாப்பிடுகிற துரைமாருக்குச் சமைத்தவர்களின் முகத்தைப் பார்க்கிற தொல்லை இல்லை. அப்பா அந்தக் கதவைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு "இது எங்கடை சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல் போச்சுது" என்றார், தான் வேலை செய்த வீட்டு எசமானி அம்மாவை நினைத்து. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தி ஒரு கதை சொன்னா. நீ அதை மொழிபெயர்க்க முதலே உன் முகம் மாறியது. அந்தப் பெரிய மனிதர் தன் வீட்டு அடிமைப் பெண்ணொருத்தியிடம் பிள்ளைகள் பெற்றவராம். அதில் ஒரு பெடியன் வளர்ந்து அதே மேசையில் ஊற்றிக் கொடுக்கிற வேலைக்கு நின்றானாம். விருந்துக்கு வந்தவர்கள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரரையும் பார்த்துவிட்டுத் திகைத்துப் போவார்களாம். அதே மூக்கு, அதே நெற்றி. ஆனால் ஒருத்தரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தாமல் கிளாசை மட்டும் நீட்டுவாராம். இதைச் சொல்லி முடித்துவிட்டு நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கல்நெஞ்சன் என்னம்மா? சொந்த ரத்தத்தைப் பக்கத்திலை தட்டோடை நிக்க வைச்சுக்கொண்டு எப்பிடிச் சாப்பாடு இறங்கிச்சுது?" என்று கேட்டாய். நான் கேட்கவில்லை, மகனே. நீதான் கேட்டாய். காலை பத்து மணி இருக்கும்.

அன்று பின்னேரம் புல்தரையில் பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் விருந்து. நம் முறை உனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டார் சாப்பிட இருக்கும்போது மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் குந்தியிருக்கக் கூடாது. ஒரு பண்டமாவது தன் கையால் பரிமாறவேண்டும். உங்கள் வீட்டுப் பெண் இனி எங்கள் பிள்ளை என்று வாய்திறக்காமல் சொல்வது அதுதான். எங்கள் கலியாணத்தில் உன் தாத்தா வாளியும் கரண்டியுமாகக் குனிந்து எழும்பி என் அண்ணன்மாருக்குச் சோறு போட்டவர். அதற்காகவே நான் பலேர்மோவில் இருந்து பயற்றை வறுத்து இடித்து உருண்டை பிடித்து டின்னில் கொண்டுவந்திருந்தேன். அப்பா ஓரத்து மேசையில் இருந்த ஒரு வெள்ளித் தட்டை எடுத்து, பயத்தம் உருண்டைகளை அடுக்கிக்கொண்டு, முதலில் மூத்தவர்களுக்கு என்று கிளேரின் தாய்மாமன் இருந்த மேசைக்குப் போனார். கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, வில் டை. அன்று சாப்பாடு பரிமாற வந்த கூலியாட்கள் அத்தனை பேரும் போட்டிருந்ததும் அதேதான். உத்தரவு போட்ட உனக்கு அது ஞாபகம் வரவில்லையாக்கும்.

அந்த மாமன் பேச்சை நிறுத்தவில்லை. தட்டைப் பார்த்தார், வெறும் கிளாசை அதில் வைத்தார். அவருடைய மனைவி வாய் துடைத்துக் கசக்கின கடுதாசியை வைத்தா. பக்கத்தில் இருந்த இன்னொருவர் கோழி எலும்போடு தன் கோப்பையைத் தூக்கி உருண்டைகளுக்கு மேலேயே வைத்தார். அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். இது அவர்களுடைய முறையோ என்னவோ என்று நினைத்தாராம், பாவி மனுசன். அப்போது நீ அந்த மேசையில்தான் நின்றாய், மாமனின் கதிரையில் கை போட்டுக்கொண்டு. நான் உனக்கு நேர் எதிரே இருந்தேன், ஆகவே பார்க்கவில்லை கேட்கவில்லை என்ற கதை எல்லாம் என்னிடம் வேண்டாம். மாமன் உன்னிடம் அப்பாவைக் காட்டி ஏதோ சொன்னார். என்னுடைய இங்கிலீஷுக்கும் அதில் ஐஸ் என்ற சொல் விளங்கியது. நீ அப்பாவின் கண்ணைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "கியாச்சோ, பெர் ஃபவோரே."

தயவுசெய்து ஐஸ் கொண்டுவாருங்கள். இத்தாலியனில். பேசத் தொடங்கிய நாளில் இருந்து நீ அப்பாவோடு இத்தாலியனில் ஒரு சொல் கதைத்ததில்லை. வீட்டுக்குள் தமிழ்தான் என்பது அவர் வைத்த சட்டம், நீ பள்ளிக்கூடத்துச் சிசிலியன் பேச்சை எடுத்துவிட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார். அன்று நீ தமிழில் கேட்டிருந்தால் 'அப்பா' என்ற சொல் தானாக வந்து விழுந்திருக்கும். அது விழுந்துவிடக் கூடாது என்று, முப்பது வருடமாக அவருடைய முதலாளிமார் அவரிடம் ஐஸ் கேட்ட பாஷையைத் தேடி எடுத்தாய். தோரணையும் அவர்களுடையதுதான், பிசகவே இல்லை. அவருக்கும் பழக்கம் விடவில்லை. "சுபித்தோ" என்றார். இதோ உடனே என்று. சொல்லிவிட்டு ஐஸ் எடுக்கப் போனார். நீ மாமனோடு கதையைத் தொடர்ந்தாய். உன் வாய்க்குள் என்ன கொழுக்கட்டையோ இருந்தது? "இவர் என்ரை அப்பா" என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? நீ படித்த படிப்புக்கு அது பெரிய வசனமோ?

காலையில் கேட்ட கதையில் தகப்பன் பிள்ளையைச் சொல்லவில்லை. பின்னேரம் பிள்ளை தகப்பனைச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு நீ நல்ல வாரிசு. ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து விருந்தாளிகளாவது தட்டோடு நின்றவனின் முகத்தைப் பார்த்தார்கள். உன் விருந்தாளிகள் அதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உனக்கும் அவருக்கும் ஒரே மூக்கு, மற்ற எதை ஒளித்தாலும் அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாய்?

ஐஸ் கொண்டுவந்து கொடுத்தவர் பிறகு உள்ளே வரவில்லை. நான் தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், ஸ்பானிஷ் கதைக்கிற ஒரு பெண் அவருக்குக் கதிரை போட்டு, ஒரு கோப்பையில் சாப்பாடும் வைத்துக் கொடுத்திருந்தாள். "இஞ்சை காத்து நல்லா வருது. நீர் போய் இரும், நான் வாறன்" என்றார். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். "சத்தம் போடாதையும், பெடியன்ரை நல்ல நாள்" என்று என் கையைப் பிடித்தார். அப்போது கிளேர் வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் வந்தாள், "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டு. உன்னிடம் அவள் பழகிக்கொண்ட ஒரே தமிழ்ச்சொல் அது. பாத்திரம் கழுவினவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கேக் வெட்ட அவரை அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு அவள் அதிகம்.

உனக்கு எப்போதுமே நாக்கு வராதென்றால் பிறவிக்குணம் என்று விட்டிருப்பேன். ஏழு வயதில் நன்றாக வந்தது. அப்பா பொலிதேயாமா பக்கத்தில் அந்த வக்கீல் வீட்டில் மேசைக்கு நின்ற காலம். ஒரு ஞாயிறு விருந்து, நான் குசினியில் சமையல், நீ ஒரு மூலையில் வீட்டுப்பாடம். பென்சில் தீட்டவேண்டும் என்று யாரையும் கேட்காமல் சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டாய். விருந்துக்கு வந்த ஒரு சிஞ்ஞோரா "நீ ஆருடைய பிள்ளை?" என்று கேட்டிருக்கிறா. சூப்புச் சட்டியோடு நின்ற அப்பாவைக் கையால் காட்டி, "அவர். அவர்தான் என் பாப்பா" என்று இத்தாலியனில் அப்பாவுக்குச் சொல்கிற சொல்லாலேயே உரக்கச் சொன்னாய். வீட்டு வெள்ளிச் சாமான் உன்னுடையது என்கிற மாதிரி அவ்வளவு பெருமை. மேசை முழுக்கச் சிரித்தது. அப்பா சட்டியை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனார். எத்தனையோ வருடம் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். இப்போது சொல்வதில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் ஒரேயொரு முறை நான் இதைத் தொட்டபோது நீ சொன்ன விளக்கம் இருக்கிறதே, அது செய்த வேலையை விடக் கேவலம். "அப்பாக்காகத்தான் அம்மா. அந்த நேரம் சொல்லியிருந்தால் அவருக்குத்தானே வெக்கம்." ஆகா! என்ன பாசம். தட்டில் எலும்பை வைத்தது மாமன். கோழி தின்றது அவர்கள். ஐஸ் கேட்டது நீ. வெட்கம் மட்டும் அப்பாவுக்கோ? நீ சொல்லியிருந்தால் மாமன் எழும்பி நின்று முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டிருப்பார், அப்பா "பரவாயில்லை" என்று ஒரு உருண்டையை அவர் கையில் கொடுத்திருப்பார், ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டிருப்பார்கள். வெட்கப்பட்டிருக்கக் கூடியது நீ ஒருத்தன்தான். வீடு துடைத்தவரின் மகன் என்று அந்த மேசைக்குத் தெரியவந்திருக்கும். அதைத் தாங்க உனக்கு முதுகெலும்பு இல்லை. இதை நான் அச்சில் போடுவதும் அதற்காகத்தான். அப்பாவுக்கு இதில் தலைகுனிய ஒன்றும் இல்லை என்று நாலு பேருக்கு முன்னால் சொல்கிறேன்.

இப்படியான கடிதங்களில் தாய் கடைசியில் தன் பிழை ஒன்றையும் சொல்லி அழுவாள், பிறகு எல்லாம் சமாதானமாகிவிடும். நீ அதைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். நானும் தேடினேன், உனக்குக் கொடுக்க ஒன்றாவது கிடைக்காதோ என்று. கிடைக்கவில்லை. மற்ற எத்தனையோ விஷயத்தில் நான் பிழை விட்டவள்தான், கோபக்காரி, உன்னை அடித்தும் வளர்த்தேன். ஆனால் பெற்றவரைத் தெரியாதவர் மாதிரிப் பார்க்க நான் உனக்குப் பழக்கவில்லை. அது உன் சொந்தச் சம்பாத்தியம்.

அப்பாவுக்குக் கை நடுக்கமாமே, டொக்டரிடம் காட்டச் சொல்லி நீ அக்கறைப்பட்டாய். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடந்ததைக் கேள். கோவில் திருநாளில் பூசை முடிந்து சாப்பாடு என்றால் சோற்று வாளி எப்போதும் அப்பாவின் கையில்தான். யாழ்ப்பாணத்தான் மன்னாரான் என்று பார்க்காமல் எல்லோருக்கும் குனிந்து போடுவார், "இன்னும் கொஞ்சம், வெக்கப்படாதையுங்கோ" என்று. இந்த முறை சுவரோரக் கதிரையில் போய் இருந்துவிட்டார். பெடியங்கள் வந்து "அண்ணை, வாங்கோ, நீங்கள் போட்டால்தான் சோறு" என்று கூப்பிட, "இல்லைத் தம்பி, கை நடுங்குது" என்றார். நேற்றும் என் ஊசிக்கு ஒரே தரத்தில் நூல் கோர்த்துத் தந்தவர் அவர். அந்தக் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. பரிமாறுகிற கையைப் பார்த்தால் இனி ஆர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. நீ அவரிடம் இருந்து எடுத்தது அது. டொக்டரிடம் கேட்டால் தரமாட்டார்.

ஆகவே நான் வரமாட்டேன். இங்கே நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற கிழவிக்கு என் பெயர் அரைவாசி நேரம் மறந்துபோகிறது, ஆனாலும் யாராவது வந்தால் நான் ஆர் என்று சொல்லத்தான் பார்க்கிறா. எனக்கு ஞாயிறு விடுமுறையும் உண்டு. உன் வீட்டில் நான் ஆராக நிற்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. மாமன் பிள்ளை பார்க்க வருவார், தேத்தண்ணி கொண்டுவருகிறவள் ஆர் என்று கேட்டால் நீ எந்தப் பாஷையில் பதில் சொல்வாய்? பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரேயொரு புத்தி சொல்கிறேன், அதோடு முடிந்தது. உன் பிள்ளைக்குத் தமிழ் பழக்குவது கிடக்கட்டும். நீ அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறாய், ஆருக்கு முன்னால் கூப்பிடுகிறாய் என்று அது தொட்டிலில் கிடந்தே கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு உனக்கும் அதே மாதிரிச் செய்யும். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு அழாதே.

அப்பா வருகிறார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "பேரப்பிள்ளை பிறக்கிற நேரம் வீம்பு பிடிக்கிறதோ?" என்று தனியாகவே வரத் துணிந்துவிட்டார். போனமுறை அந்த நாட்டு விமான நிலையத்தில் நான் பக்கத்தில் நின்று சமாளித்தேன், இந்த முறை அவரே பதில் சொல்லவேண்டும் என்று பயம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு இங்கிலீஷில் ஒரு வசனம் பழகியிருக்கிறார். சவரம் செய்யும்போதும் சொல்கிறார், படி கழுவும்போதும் சொல்கிறார், நான் கதவைத் திறந்தால் நிறுத்திவிடுகிறார். நீ ஆர், யாரிடம் வந்தாய் என்று சீருடை போட்ட அதிகாரி கேட்கும்போது, அவ்வளவு சனத்துக்கு முன்னால், வெளியே நீ நிற்கிற பக்கத்தைக் கையால் காட்டிச் சொல்லப்போகிறாராம்: "மை சன்."

அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். நீ அந்த மாமனைக் கூப்பிட்டு, அப்பாவைக் கதிரையில் இருத்தி, உன்னுடைய வசனத்தைச் சொல். சொன்ன அன்றே நான் டிக்கெட் எடுப்பேன்.

அதுவரைக்கும்,
உன் அப்பாவின் மனைவி